பிடி என்னுடையது, அலகு யாருடையது

அலமாரியில் இருக்கும் என் மடக்குக் கத்தியை நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள். அலகின் ஒரு பக்கம் வரிகள் கறுப்பாக, மணலில் தண்ணீர் ஓடிய தடம் மாதிரி தெளிவாக இருக்கின்றன. மறு பக்கம் மங்கிக் கிடக்கிறது. ஏன் என்று சின்னவன் கேட்டபோது பழசாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கத்தி எப்படிப் பழசாகும்? அந்த மங்கலுக்குக் காரணம் என் சந்தேக புத்தி. அந்தப் புத்தி உங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் 'கார் மாமா' என்று கூப்பிடுகிறவரை உங்களுக்குத் தெரியும். ஜெலாப்பாங்கில் எங்கள் தொழிற்சாலையில் அவர் கருவிப் பட்டறையில் இருக்கிறார், நான் ஸ்டோரில். பதினோரு வருடமாக அவர் காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அவர் கிறிஸ்தவர், நாம் இந்து. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அதனால்தான் கத்தி வாங்கப் போனபோது அவரையும் கூட்டிப்போனேன்.

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் கடைகள் போடுவார்கள் அல்லவா, அங்கே ஒரு சீன அங்கிள் தரையில் துணி விரித்து ஸ்பேனர், ரம்பம், பூட்டு எல்லாம் பரப்பி வைத்திருப்பார். அவரிடம் வரி போட்ட மடக்குக் கத்தி மூன்று இருந்தன. இரண்டு வகை இரும்பை அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கி, பிறகு அமிலத்தில் நனைத்தால் ஒரு இரும்பு கறுக்கும், இன்னொன்று வெளுப்பாகவே நிற்கும். வரி அப்படித்தான் வருகிறது. டமாஸ்கஸ் என்பார்கள். ஆனால் சாதாரண இரும்பின் மேல் படத்தை அச்சடித்து அதே பெயரில் விற்கிறவர்களும் உண்டு. எனக்கு அங்கிள் முகத்தைப் பார்த்ததுமே சந்தேகம். கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்தார். சிரிக்கிற வியாபாரியை நான் நம்புவதில்லை.

எப்படிப் பார்த்து எடுத்தோம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தியின் முதுகைப் பார்க்க வேண்டும். உண்மையான வரி ஒரு பக்கத்திலிருந்து முதுகு மேல் ஏறி மறு பக்கம் இறங்கும். அச்சடித்தது முதுகுக்கு வந்ததும் நின்றுவிடும். முதல் கத்தியில் இரண்டு பக்கமும் ஒரே படம், கண்ணாடியில் பார்த்த மாதிரி. அதைக் கீழே வைத்தோம். இரண்டாவதை மடக்கினால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பிடியின் உள்தகட்டில் உரசியது. மூன்றாவதை மாமா விரித்தார். அலகை நிறுத்திப் பிடிக்கிற பூட்டு டக் என்று விழுந்தது. நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. எருமைக் கொம்பில் செய்த பிடி. அதன் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பட்டனை அமுக்கினால் தானாகப் பாய்கிற கத்தி நம் மலேசியாவில் கூடாது. இது கையால் திறக்கிற வகை. அப்படியே இருந்தாலும் இடுப்பில் சொருகிக்கொண்டு தெருவில் சுற்றுகிற சாமான் இல்லை, அதை மறக்காதீர்கள்.

மாமா அந்தக் கத்தியை என்னிடம் உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அங்கிளிடம் கண்டனீஸ் மொழியில் ஏதோ பேசினார். அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார், மாமாவும் சிரித்தார். எனக்குக் கண்டனீஸில் சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர ஒன்றும் வராது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல லா மச்சான். இதுல எனக்கும் கண்ணு இருக்குன்னேன். பரவால்ல, நீ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். ஆனால் 'எனக்கும் கண்ணு இருக்கு' என்ற அந்தப் பேச்சு கத்தியோடு சேர்ந்து என் பைக்குள் வந்துவிட்டது.

எட்டு மாதம் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மாங்காய், எலுமிச்சை எது நறுக்கினாலும் உடனே கழுவி, துடைத்து, மடக்குகிற இடத்தில் ஈரம் இல்லாமல் ஊதிக் காய வைப்பேன். நம் ஊர் மழைக்கு வரி இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு வாரத்தில் பிசுபிசு என்று ஒட்டி, சிக்கு வாடை அடித்தது. அதன் பிறகு தையல் மெஷின் எண்ணெய், அலகைப் பிடியோடு சேர்க்கிற ஆணிக்கு ஒரே ஒரு சொட்டு. தோல் உறையில் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று மாமா சொன்னார். அதனால் துணியில் சுற்றி வைத்தேன். தீட்டும்போது விளிம்பை மட்டும்தான் கல்லில் காட்ட வேண்டும். பக்கத்தைப் படுக்க வைத்து உரசினால் வரி போய்விடும். இதையெல்லாம் உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அப்போதெல்லாம் யாரையும் தொடவிட்டதில்லை.

பிறகு ஆணி தளர்ந்தது. விரித்தால் அலகு லேசாக ஆடியது. அந்த ஆணிக்கு நட்சத்திர வாய் உள்ள சின்ன ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அது மாமாவிடம்தான் இருக்கிறது. ஒரு புதன்கிழமை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை, கொட்டுகிற மழையில் நான் காரைவிட்டு இறங்கும்போது, ஒரு பழைய வெள்ளைக் காலுறைக்குள் போட்டு கத்தியைத் திருப்பித் தந்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஓடி வந்து ஐஸ்பெட்டி மேல் வைத்தேன். மறுநாள் எனக்கு ஓவர்டைம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காலுறையிலிருந்து கத்தியை எடுத்து விரித்தேன். அலகு வெள்ளை வெளேர் என்று பள்ளிக்கூட ரூலர் மாதிரி இருந்தது. ஒரு வரிகூட இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். பிடியில் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது. அப்படியானால் பிடி என்னுடையது. அலகு என்னுடையது இல்லை.

ஆணியைக் கழற்றினவர் ஒருவர்தான். கழற்றத் தெரிந்தவரும் அவர்தான். பட்டறையில் அவர் நினைத்தால் இன்னொரு அலகு தேய்த்துப் போட ஒரு மதியம் போதும். கண்ணு இருக்கிறது என்று முதலிலேயே சொன்னவரும் அவர்தான். எனக்கு வேறு கணக்குத் தேவைப்படவில்லை.

முறைக்கு வீட்டிலும் கேட்டேன். உங்கள் இரண்டு பேரையும் கூடத்தில் நிறுத்தி விசாரித்தது ஞாபகம் இருக்கும். பெரியவள் அழுதாள். அம்மாவையும் கேட்டேன், தனக்குத் தெரியாது என்றாள். ஒருவரை மட்டும் கேட்கவில்லை. கோப்பெங்கிலிருந்து என் அக்கா, உங்கள் அத்தை, வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திரும்பியிருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வந்தால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு, துணியை மடித்துக்கொண்டு இருப்பார். போனால் போனதே தெரியாது. அப்படித்தான் நான் அக்காவை நினைத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் ஆணியை மட்டும்தானே முடுக்கினாய் என்று கேட்டேன்.

"வேற என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

"கேக்கறது ஒரு மாதிரியா இருக்கே மச்சான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று முழுவதும் அந்தப் பதிலையே உருட்டிப் பார்த்தேன். தப்புச் செய்யாதவன் 'ஆமாம், ஆணியை மட்டும்தான்' என்று சொல்ல வேண்டியதுதானே? ஏன் திருப்பிக் கேட்கிறார்? சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்பது இப்போது தெரிகிறது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து மோட்டாரில் போக ஆரம்பித்தேன். உடம்புக்குக் காற்று வேண்டும் என்று காரணம் சொன்னேன். அந்த வாரம் தினமும் மழை. மழைக்கோட்டோடு நனைந்து போய் ஸ்டோரில் நிற்பேன். அவர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்தில் யாரோடாவது அவர் சிரித்துப் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தோன்றும். பேசாமல் இருந்தால் குற்ற உணர்ச்சி என்று தோன்றும். சந்தேகம் வந்த மனிதனுக்கு எதிரில் இருக்கிறவர் எது செய்தாலும் சாட்சிதான்.

அந்த வாரக் கடைசியில் அவரும் அவர் மனைவியும் நம் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பாகான் செராய். அங்கே தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் விசேஷம், இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெண் வீட்டுப் பக்கம் பெரியப்பா இடத்தில் நின்று தட்டு மாற்ற நான் வர வேண்டும் என்றார்.

"மச்சான்னு கூப்பிட்டாலும் அன்னைக்கு நீதான் எனக்கு அண்ணன். வேற யாரையும் கேக்கல."

பார்க்கலாம் என்று சொன்னேன். அவர் மனைவி முகம் சுருங்கியது. அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்து, குவளையை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போனதும், வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லித் தொலையுங்கள், அந்தப் பிள்ளைக்கு அந்த இடத்தில் நிற்க ஆள் வேண்டாமா என்று உங்கள் அம்மா சத்தம் போட்டாள். என் கத்தியைத் திருடினவன் வீட்டுத் தட்டை நான் எப்படிப் பிடிப்பது? இதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பழைய சாமான் அங்கிளிடம் போனேன். ஒருவேளை அவர் முதலிலேயே ஏமாற்றியிருந்தால் மாமா தப்பித்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை. அங்கிள் அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரும்பில் மெல்லிய கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதை விரலால் காட்டி, "அண்ணே, யார் இதை உரசியது?" என்று மலாயில் கேட்டார். யாரும் உரசவில்லை என்றேன். நான் உரசிக் கெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. சந்தேகப்படுகிறவனைச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாக இல்லை.

இருந்தாலும் அவர் வழி சொன்னார். சோப்பு போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவு. விரல் படாமல், கெட்டியான கோப்பியில் அலகை மட்டும் சில மணி நேரம் நிறுத்து. வரி இரும்பாக இருந்தால் வரி திரும்ப வரும். சாதாரண இரும்பு என்றால் ஒரே மாதிரி கறுக்கும், அவ்வளவுதான். கடைக் கோப்பித் தூள் கூடாது, அதை வெண்ணெய் போட்டு வறுப்பார்கள், பசை ஒட்டும். கரைகிற உடனடிக் கோப்பிதான் சரி.

வீட்டுக்கு வந்து உடனே செய்திருக்கலாம். செய்யவில்லை. ஆறு நாள் தள்ளிப்போட்டேன். வரி வராவிட்டால் பதினோரு வருட நண்பர் திருடர். வந்துவிட்டால் நான் யார்? எது வந்தாலும் ஒருவர் கெட்டவராக வேண்டியிருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, உயரமான கண்ணாடிக் குவளையில் கோப்பியைக் கரைத்து, கத்தியை விரித்து அலகைத் தலைகீழாக இறக்கினேன். பிடி கனம். அதனால் கத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலகு கண்ணாடியில் ஒட்டி நின்றது. நூல் கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். அந்த நிதானம் எனக்கு எங்கே இருந்தது?

மதியம் எடுத்துத் தண்ணீரில் அலசினேன். வரி வந்திருந்தது. ஒரு பக்கம் பளிச்சென்று, எனக்கு மனப்பாடமான அதே வரி. ஆணிக்குப் பக்கத்தில் மாங்கொட்டை மாதிரி ஒரு சுழி உண்டு, அதுவும் இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம் மட்டும் மங்கல். அலகும் என்னுடையதுதான்.

இதோடு என் புத்தி திருந்தியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அலகை மாற்றவில்லை, சரி. அப்படியென்றால் பொறாமையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கெடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அங்கிள் காட்டிய கீறல்களுக்கும் அது பொருந்தியது. திருட்டைவிட இது மோசம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் அத்தை சமையலறைக்குள் வந்தார். மறுநாள் நம் குடும்பத்தோடு பாகான் செராய் வருவதற்காகக் காலை பஸ்ஸில் வந்திருந்தார். நான் போகப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. குவளையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, மறுபடியும் கறையாக்கி வச்சிருக்கே? போன தடவ வந்தப்போ ரெண்டு பக்கமும் தேய்ச்சு வெள்ளையாக்கி வச்சிட்டுப் போனேனே."

எப்போது என்று கேட்டேன். நான் ஓவர்டைம் போன அந்தச் சனிக்கிழமை. மாங்காய் நறுக்கக் கத்தி தேடி, ஐஸ்பெட்டி மேல் காலுறையில் இருந்ததை எடுத்திருக்கிறார். அலகு முழுக்கக் கறையைப் பார்த்து, தம்பிக்குக் கத்தியைப் பார்த்துக்கொள்ளக்கூட நேரமில்லையே என்று வருத்தப்பட்டு, தண்ணீர் விட்டுக் கல்லிலும் உப்புத்தாளிலும் சாயங்காலம் வரை தேய்த்திருக்கிறார். தேய்த்து, எண்ணெய் தொட்டு, அதே காலுறையில் திரும்பப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் எந்த வேலையைச் செய்து சொல்லியிருக்கிறார்?

அத்தை ரப்பர்த் தோட்டத்தில் பதினாறு வருடம் பால்மரம் வெட்டினவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகுதான் கோப்பெங்கில் பள்ளிக்கூடக் கேன்டீன் வேலைக்குப் போனார். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி வரிசையாகக் கத்தியைப் பார்ப்பாராம். அலகு கறுத்திருந்தால் எல்லார் முன்னாலும் பேச்சு விழும். கறைக் கத்தி சுத்தமாக வெட்டாது, பட்டை காயமாகும், பாலில் அழுக்குச் சேரும். பதினாறு வருடம் கத்தி என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றே கை பழகிவிட்டது. நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட வரி அத்தையின் கண்ணுக்கு அழுக்கு.

அது கறை இல்லை அக்கா, அதுதான் அந்தக் கத்தியின் அழகு என்று சொன்னேன். அவர் மங்கின பக்கத்தையும் தெளிந்த பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா காசு குடுத்தே? எங்க கங்காணி பார்த்திருந்தா உன்னைத் திருப்பி லயத்து வீட்டுக்கே அனுப்பியிருப்பாரு."

சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. மூன்று வார மோட்டார் ஓட்டம், ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்ட முகம், 'பார்க்கலாம்' என்று சொன்ன வாய், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

அன்று சாயங்காலமே மோட்டாரை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் தட்டுகளுக்குப் பளபளப்புத் தாள் சுற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"மச்சான், நீ அலகை மாத்திட்டேன்னு நினைச்சேன். அதான் மோட்டார்ல போனேன். மாத்தினது யாருமில்ல, எங்க அக்கா தேய்ச்சிருக்கு."

அவர் தாளை ஒட்டி முடித்தார். பிறகு கையை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். விரித்தார், நுனியைப் பிடித்து ஆட்டினார். ஆணி மறுபடி தளர்ந்திருந்தது. அத்தை தேய்த்த தேய்ப்பு.

"டைட் பண்ணணும். குடுத்துட்டுப் போறியா, இல்ல பக்கத்துல நின்னு பாக்கறியா?"

அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது. கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். "காலையில ஆறு மணிக்குக் கார் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

மறுநாள் பாகான் செராயில் நான் தட்டு பிடித்தது உங்களுக்கும் தெரியும், படத்தில் நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் முகத்தில் அன்று சிரிப்பு குறைவுதான். ஒரு நாளில் சரியாகிற விஷயம் இல்லை அது. திங்கட்கிழமை காரில் ஏறினேன். கத்தியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சரியாக மூன்று வாரம் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் டாஷ்போர்டுப் பெட்டி மூடியைப் பார்ப்பேன், பார்த்துவிட்டு ரோட்டைப் பார்ப்பேன்.

நான்காவது திங்கட்கிழமை அதே வெள்ளைக் காலுறையில் போட்டுத் தந்தார்.

"இப்பவே பிரிச்சுப் பாத்துக்க மச்சான். அப்புறம் மோட்டார்ல போவே."

பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் அப்போதுதான் பழையபடி சிரித்தார். மங்கின பக்கத்தை நானே சரி பண்ணித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பிரித்துப் பார்த்தேன். மாங்கொட்டைச் சுழி இருந்த இடத்திலேயே இருந்தது. பிரித்துப் பார்த்தேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.